முதலில் டிம் போடாத குடும்பம்

'பொம்பளை வண்டி ஓட்டினால் இப்படித்தான்' என்று சொல்லாதவர் அந்த வாரம் பாளையங்கோட்டையில் யாருமே இல்லை. பால்காரர் சொன்னார். ரேஷன் கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். ஜென்மத்தில் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தறியாத எதிர்வீட்டு மதினி, வேலை மெனக்கெட்டு வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனாள். நீலாம்பாளுக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ வருஷமாக வீட்டு ஃபியட் காரை ஓட்டுகிறாள், ஒரு கோழிக்குஞ்சு மேல்கூட ஏற்றியது கிடையாது.

காரை வாங்கியது என்னவோ கணவர் சிவசண்முகம்தான். வங்கியில் அதிகாரி. வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, டிரைவிங் பழகப் போனவர், எதிரே வந்த மாட்டுவண்டிக்கே கண்ணை மூடிக்கொண்டார். சாவி மனைவி கைக்கு வந்தது. நல்ல மனிதர். ஆனால் பேச வேண்டிய இடத்தில் மட்டும் அவர் வாயில் கொழுக்கட்டை.

நீலாம்பாள் சீவலப்பேரியில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. நடவு, களையெடுப்பு என்று வந்துவிட்டால் பகல் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தாள். டவுன் பஸ்ஸை நம்பினால் பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓட வேண்டியதுதான். கார் இருந்ததால் வகுப்பும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. இருட்டிக்கொண்டு வந்த நேரம். ஒற்றைத் தார் ரோடு, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயல். எதிரே ஒரு கார் வந்தது. வந்தது கார்தானா என்றுகூடத் தெரியவில்லை, அப்படி ஒரு வெள்ளை வெளிச்சம். நீலாம்பாள் தன் விளக்கைத் தாழ்த்தி டிம் போட்டாள். அவன் போடவில்லை. விளக்கை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினாள். ம்ஹும். கண்ணுக்குள் சுண்ணாம்பை அள்ளி வீசியது போல இருந்தது. ஓரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஓரம் ஒதுங்கினாள். கார் வாய்க்கால் மதகில் இடித்து, முன்சக்கரம் வயல் சேற்றில் இறங்கி நின்றது. இடது பக்க விளக்கு சுக்குநூறு. நெற்றியில் ஒரு புடைப்பு. எதிரே வந்தவன் நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு, நிற்காமலே போய்விட்டான்.

அந்த ஓரத்தில் யாராவது சைக்கிளில் வந்திருந்தால்? அவளிடம் படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த வழியாகத்தான் நடந்து போவார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலையிலேயே அண்ணன் ஆவுடைநாயகம் வந்தார். தங்கச்சி நெற்றியைப் பார்த்தார், கண் கலங்கினார், எங்கே, எப்படி நடந்தது என்றுகூடக் கேட்காமல் ஃபியட் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனி இந்த விளையாட்டு வேண்டாம்ட்டி" என்றார். பாசம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அந்தப் பாசத்துக்கு ஒரு பூட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்துக்கு அவர் மறுபடி வந்தார், தன்னுடைய அம்பாசிடரில். தெருவுக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசலைப் பார்த்தபடி நிறுத்தினார். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஷேக் மைதீன் முற்றத்தில் ஃபியட்டின் உடைந்த விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். விற்கிற காராக இருந்தாலும் விளக்கு முழுசாக இருந்தால்தானே விலை போகும்! விற்றுவிடுவது என்று ஆண்கள் இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். ஓட்டுகிறவளை யாரும் கேட்கவில்லை.

"எந்த லைட்டு போடட்டும்? பழையபடி குண்டு பல்பே போட்டிருவமா, இல்ல சீல்டு பீம் போடணுமா?" என்று மைதீன் கேட்டார்.

"சீல்டு பீம்னா என்ன வே?" என்றார் சிவசண்முகம்.

"கண்ணாடி, உள்ளுக்க இருக்க தகடு, இழை எல்லாம் ஒண்ணாச் சேந்தது சார். தூசி போவாது, தண்ணி போவாது, வெளிச்சம் மங்காது. ஆனா இழை அந்துச்சுன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். குண்டு பல்புன்னா சல்லிசு, பொட்டிக்கடையிலகூடக் கெடைக்கும். என்ன, தகடு கறுத்துப் போச்சுன்னா வெளிச்சம் அழுது வடியும்."

"ரெண்டும் கெடக்கட்டும் வே!" ஆவுடைநாயகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஹாலஜன் போடும். நூறு வாட்ஸ். போன திங்கக்கிழமைதான் மதுரையில நம்ம வண்டிக்கு மாட்டிட்டு வந்தேன். வண்டியைப் பாத்தீரா, எப்படிப் பளபளன்னு இருக்கு? எவனோ ஒரு கறுப்புப் பொட்டு வேற ஒட்டி வச்சிருந்தான், கண்ணாடி நடுவுல. அதையும் சுரண்டி எறிஞ்சிட்டேன். புது மாப்பிள்ளைக்கு எதுக்குத் திருஷ்டிப் பொட்டு?"

"அது திருஷ்டிக்கு இல்ல அண்ணாச்சி, எதுத்தாப்ல வாறவங்களுக்குக் கண்ணு கூசாம..." என்று தொடங்கினார் மைதீன்.

"எதுத்தாப்ல வாறவன் பாடு அவனுக்கு!"

"செலவு எப்படி அத்தான்?" என்று கேட்டார் சிவசண்முகம். வங்கிக்காரர் அல்லவா!

"பேட்டரி கொஞ்சம் இழுக்கும். ஒயரு சூடாவும், அதுக்கு ரிலேன்னு ஒரு சின்னப் பொட்டி வைக்கணும்ங்கான். வச்சாப் போச்சு! மாப்ளை, வெளிச்சம்னா அது வெளிச்சம். ரோட்டுல எறும்பு போறது தெரியுது. நம்ம தாத்தா வில்வண்டி வந்தா எதுத்த வண்டியெல்லாம் வயல்ல எறங்கி நிக்குமாம்லா, அந்த மாதிரி ஒதுங்குதான் ஒவ்வொருத்தனும். நம்ம குடும்பத்துல எவனும் முதல்ல டிம் போட்டதில்ல, தெரியும்லா?"

அந்தத் தாத்தாவின் பண்ணை போய் முப்பது வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது சீவலப்பேரிப் பக்கம் கொஞ்சம் வயல், அப்புறம் இந்த வில்வண்டிக் கதை. நீலாம்பாள் காப்பித் தம்ளரை நீட்டினாள். அவர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"மறுநா செவ்வாக்கிழமை வயக்காட்டுக் காவக்காரனைப் பாக்கப் போயிட்டிருந்தேன். மதகுகிட்ட ஒருத்தன் வாறான், மெழுகுவத்தி மாதிரி ரெண்டு லைட்ட வச்சிக்கிட்டு. டிம் போடுதான், அணைக்கான், மறுபடி போடுதான். நான் அசைவனா? கடைசியில வயலுக்குள்ள எறங்கிட்டான்லா! ஒரு ஹாரனை அடிச்சிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன்."

சிவசண்முகம் தரையைப் பார்த்தார்.

"அது நான்தான் அண்ணாச்சி" என்றாள் நீலாம்பாள்.

அவர் முகத்தில் ஒரு கணம் எல்லாமே வடிந்து போயிற்று. தம்ளரைக் கீழே வைத்தார். தங்கச்சி நெற்றிப் புடைப்பைப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சரியாகச் சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டு அதோடு விட்டிருப்பாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீன்னு எனக்கு என்னட்டி தெரியும்? ஆனாலும் பாரு, ஒரு ஆம்பிளை ஓட்டியிருந்தாச் சமாளிச்சிருப்பான்."

"அத்தான் தெரியாமத்தானே..." என்று இழுத்தார் சிவசண்முகம்.

நீலாம்பாளுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. ஐந்து நாளாகக் கேட்ட ஏச்சு அத்தனையும் யாருக்குச் சேர வேண்டியது? குத்தியவன் குத்திவிட்டு, மருந்து போடவும் வந்து, சாவியையும் பிடுங்கிக்கொண்டு போவானா?

"அம்பாசிடர் சாவியைத் தாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"உங்க லைட்டைப் போட்டுப் பாக்கணும். நீங்க ஃபியட்டை எடுத்து, இந்த வாசல் வழியா வெளிய கொண்டாங்க. ஆம்பிளைதானே, சமாளிங்க."

"இதென்ன பெரிய காரியமா!" என்று அவர் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். வெளிச்சத்தின் மேல் அவ்வளவு பெருமை. கூடவே, விஷயம் சிரிப்பில் முடிந்துவிடும் என்றொரு நப்பாசை.

நன்றாக இருட்டிவிட்டது. தெருவில் கரண்டும் இல்லை. முற்றத்திலிருந்து வாசலுக்குப் போகிற பாதையில் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் சற்றுமுன் தண்ணீர் பாய்ச்சிய வாழைப் பாத்தி. ஆவுடைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபியட்டில் ஏறி, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கிளப்பினார். ஒற்றைக் கண் விளக்கோடு அது பைய நகர்ந்தது. எதிரே அம்பாசிடருக்குள் இருந்த நீலாம்பாள் விளக்கைப் போட்டாள்.

மதில், வாழை, கிணறு, ஆள் எல்லாம் ஒரேயடியாக வெளுத்தன. ஆவுடைநாயகத்தின் கை தானாகக் கண்ணுக்குப் போயிற்று.

"ஏட்டி நீலா! டிம் போடு!"

டிம் போடுகிற பொத்தான் அம்பாசிடரில் காலுக்கடியில் இருக்கும். நீலாம்பாள் அதன் மேல் காலை வைத்திருந்தாள். அமுக்கவில்லை.

"ஒண்ணுமே தெரியலட்டி! டிம் போடுன்னு சொல்லுதேன்லா!"

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நம்ம குடும்பத்துல எவனும் முதல்ல டிம் போட மாட்டான்லா, அண்ணாச்சி!"

ஃபியட் மதிலுக்குப் பயந்து வாழைப் பக்கம் திரும்பியது. இரண்டு வாழையைச் சாய்த்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, உறுமி, நின்றுவிட்டது. ஆவுடைநாயகம் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தார். முழங்கால் வரைக்கும் சேறு. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எதிர்வீட்டு மதினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். இந்தத் தடவை ஓட்டியது பொம்பளை இல்லை.

சிவசண்முகம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். மச்சானைத் தாண்டிப் போய், ஃபியட்டிலிருந்து சாவியை உருவினார். சேற்றுக் காலோடு தெருவைக் கடந்து வந்து, அதை மனைவி கையில் வைத்தார்.

"நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டும்லா?" என்றார்.

"உண்டு" என்றாள் நீலாம்பாள். அதற்குப் பிறகுதான் டிம் போட்டாள்.