உப்புத்தண்ணி ஒத்திகை

சுற்றுலா வேனில் ஏறி, முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டில் யார் என்று திரும்பிப் பார்த்தால் என் சித்தப்பா.

நான் வீட்டில் சொல்லியிருந்தது பயிற்சி வகுப்பு. பல்செட் செய்யும் கூடத்தில் எனக்கு வேலை. புதிதாக ஒரு பீங்கான் பூச்சு வந்திருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ள வெளியூர் அனுப்புகிறார்கள் என்று அம்மாவிடம் கூசாமல் புளுகியிருந்தேன். பெண்பிள்ளை தனியாகப் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதா என்று ஏற்கெனவே ஒருமுறை அவள் ஆடித் தீர்த்திருந்ததால் வேறு வழியில்லை. சித்தப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஏதோ கண்காட்சியில் புது ஃபிரேம் பார்க்கப் போயிருக்கிறார் என்று முந்தின நாள்தான் அம்மா ஃபோனில் சொல்லியிருந்தாள். ஃபிரேம் பார்க்கப் போனவர் அரைக்கால் சட்டையும் விலைச்சீட்டு பிய்க்காத பச்சை முதுகுப்பையுமாக உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்க இங்க?" என்றார்.

"நீங்க எங்க இங்க?" என்றேன்.

"கண்காட்சி."

"ட்ரெயினிங்."

வேன் கிளம்பி, ஒரு திருப்பத்தில் சன்னல் முழுக்கக் கடல் வந்து நின்றது. இதற்குமேல் புளுகினால் கடலே சிரிக்கும் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தப்பா."

"சித்திகிட்ட நீ மூச்சு விடாத."

அத்துடன் விஷயம் முடிந்திருக்க வேண்டியது. நான் தங்கியிருந்த விடுதியிலேயே, எட்டுப் பேர் படுக்கும் அறையில், மேல் கட்டிலில்தான் அவரும் இரண்டு நாளாகத் தூங்குகிறார் என்றார். ஆண்கள் அறை மாடியில் இருந்ததால் கண்ணில் படவில்லை. வீட்டில் தலையணை ஒரு பக்கம் சரிந்திருந்தாலே தூக்கம் வராத மனிதர். என்ன கிரகமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது வழிகாட்டிப் பெண் எழுந்து மைக்கைத் தட்டினாள். மஞ்சள் குடை ஒன்றை மடக்கிக் கையில் பிடித்திருந்தாள். நல்ல வரிசைப் பல். என் தொழிலில் அதைத்தான் முதலில் பார்ப்போம்.

"ஒவ்வொரு இடத்துலயும் ஒரு குரூப் போட்டோ. எடுத்த கையோட நெட்ல நம்ம கம்பெனி பக்கத்துல ஏத்திடுவேன். நேத்து போட்டோவப் பாத்து இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க. உங்க போட்டோவப் பாத்து நாளைக்கு ஆள் வரும். ஒருத்தர் விடாம மூஞ்சி தெரியணும், சரியா?"

வேன் முழுக்க "சரி" என்றது. சித்தப்பாவுக்கு மட்டும் முகம் செத்துவிட்டது.

"குட்டி, செத்தோம்," என்று என் காதில் சொன்னார். "உங்க சித்தி இந்தப் பக்கத்தை தினமும் பாப்பா."

"அவங்க எதுக்கு இதப் பாக்கறாங்க?"

"கடல் படம்னா ஒண்ணு விடமாட்டா. நான்தான் கூட்டிட்டுப் போகலையே, படமாவது பாக்கட்டும்னு விட்டுட்டேன். இந்தக் கம்பெனி பேரே அவ ஃபோன்ல எட்டிப் பாத்துதான் எனக்குத் தெரியும்."

உலகத்தில் இத்தனை கம்பெனி இருக்க, மனைவி கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் கம்பெனியிலேயே வந்து சீட்டுப் பதிவு செய்திருக்கிறார். இதை வேறு யாரும் செய்ய முடியாது. சித்தி கல்யாணமான நாளிலிருந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு கடலோரமாக நாலு நாள் சுற்ற வேண்டும், படகில் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் சித்தப்பா, "கடல்ல என்ன இருக்கு? உப்புத்தண்ணி," என்று பேப்பரை விரித்துவிடுவார். அப்படிப்பட்டவர் அவளை விட்டுவிட்டுத் தனியாக இங்கே இளித்துக்கொண்டு நிற்கும் படத்தைச் சித்தி பார்த்தால் என்ன ஆகும்? அவர் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தால், சித்தி வழியாக அம்மாவுக்குப் போய் எனக்கு என்ன ஆகும்?

"பேசாம அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிடலாமா, எங்களப் போடாதீங்கன்னு?"

"ஒரு நரைச்ச ஆளு, பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, ரெண்டு பேரும் போட்டோ வேணாங்கறாங்கன்னா அவ என்ன நினைப்பா?"

அது நியாயமாக இருந்தது. ஒளிவதைத் தவிர வேறு வழி இல்லை.

முதல் இடம் கலங்கரை விளக்கம். எல்லோரும் படியில் வரிசை கட்ட, "ரெடி" என்ற சத்தம் கேட்டதும் நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். சித்தப்பாவும் பதறிப்போய்க் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். அவர் போட்டிருந்தது லேஸே இல்லாத ஷூ. என் காதுக்கருகே இரண்டு கையாலும் காற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

இரண்டாவது, பாறைக் குகை. அங்கே சித்தப்பா துணிந்து முன்னால் போனார். "எல்லா போட்டோலயும் நீங்க விட்டுப் போறீங்களேம்மா! குடுங்க, நான் எடுக்கறேன். நீங்க போய் நில்லுங்க," என்று பெருந்தன்மையாகக் கையை நீட்டினார். வழிகாட்டிக்கு மனம் உருகிவிட்டது. "எவ்வளவு நல்ல மனசு சார் உங்களுக்கு!" என்று சொல்லி, பையிலிருந்து முக்காலி ஒன்றை எடுத்து, தானாகவே படம் எடுக்கும்படி ஃபோனை அதில் மாட்டிவிட்டு, சித்தப்பாவின் தோளைப் பிடித்து நட்ட நடுவில் நிறுத்தினாள். கடைசி நொடியில் நான் முன்னால் நின்ற நெட்டைப் பையன் தூக்கியிருந்த மூட்டைக்குப் பின்னால் அவரை இழுத்துக்கொண்டேன். படத்தில் மூட்டைக்கு மேலே கொஞ்சம் நரைமுடி மட்டும் விழுந்தது. வழிகாட்டி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். அடுத்து வரும் படகுச் சவாரியில் எங்களைப் படமெடுக்காமல் விடமாட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மதியம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சித்தப்பா, உண்மையச் சொல்லுங்க. கடலே வேணாம்னு இருந்தவரு எதுக்கு வந்தீங்க? சித்திய விட்டுட்டு வர எப்படி மனசு வந்துச்சு?"

அவர் ரொட்டியை மெதுவாக மென்றார்.

"எனக்கு ஆட்டம்னா ஆகாது குட்டி. ஊஞ்சல்ல உக்காந்தாலே வயித்தப் புரட்டும். அத எப்படி அவகிட்ட சொல்றது? உப்புத்தண்ணின்னு சொல்லி இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். அடுத்த மாசம் கல்யாண நாள். இந்தத் தடவை கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதான் முதல்ல நான் ஒரு தடவை வந்து பாத்துக்கலாம்னு..."

எனக்குப் புரிந்துவிட்டது. கடைக்கு எந்தப் புது ஃபிரேம் வந்தாலும் அதை ஒரு நாள் முழுக்கத் தானே போட்டுப் பார்த்து, மூக்கில் அழுத்துகிறதா, காதில் கடிக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அலமாரியில் வைப்பார். பெண்களுக்கான ரோஸ் நிறப் பூனைக்கண் ஃபிரேமைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பை, மேல் கட்டில், வேன், படகு என்று சித்தி ஆசைப்பட்ட பயணம் மொத்தத்தையும் இப்போது போட்டுப் பார்க்க வந்திருக்கிறார்.

"அப்ப ரொட்டியக் கீழ வைங்க! படகுல ஏறப் போறீங்க."

"உங்க சித்தி சாப்பிடாம ஏற விடுவாளா? சாப்பிட்டுட்டு ஏறினா என்ன ஆகும்னு தெரியணும்ல?" என்று சொல்லி என் பங்கு ரொட்டியையும் வாங்கிச் சாப்பிட்டார். மனிதர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

என்ன ஆகும் என்று துறைமுகம் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பறவைத் தீவைச் சுற்றிப் படகு திரும்பியபோது அலை பக்கவாட்டில் மோதியது. சித்தப்பா பேச்சை நிறுத்தினார். பிறகு உதட்டை இறுக்கினார். பிறகு அவர் முகம் அந்தப் பையின் பச்சைக்கே வந்துவிட்டது. எழுந்து கம்பியைப் பிடித்துக் குனிந்தவர், இரண்டு பங்கு ரொட்டியையும் கடலுக்குக் கொடுத்தார். நான் ஓடிப்போய் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, இன்னொரு கையால் முதுகைத் தடவினேன். போட்டோவாவது ஒன்றாவது, எல்லாம் மறந்துவிட்டது.

"எல்லாரும் இங்க பாருங்க!" என்று ஒரு குரல் கேட்டது. சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

கரை வந்து சேரும் முன்பே படம் ஏறிவிட்டது. இறங்கி மணலில் உட்கார்ந்து என் ஃபோனில் பார்த்தோம். மற்றவர்கள் எல்லாம் ஓரத்தில் சின்னதாகக் கையாட்ட, நடுவில் நாங்கள் இருவரும் தெள்ளத் தெளிவாக இருந்தோம். அவர் நெற்றி என் உள்ளங்கையில் இருந்தது. 'கடலுக்குப் புதுசு, பாசத்துக்குப் பழசு' என்று வழிகாட்டி அதற்கு ஒரு வாசகம் வேறு எழுதியிருந்தாள். கீழே முதல் ஆளாகச் சித்தி ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள். கடல் படம் என்றதும் கை தானாகப் போட்டிருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இதயம் காணாமல் போனது.

என் ஃபோன் அடித்தது.

சித்தப்பா மணலில் சாய்ந்தபடியே, தான் இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"எங்கடி இருக்க?" என்றாள் சித்தி.

"ட்ரெயினிங்ல சித்தி."

"என்ன ட்ரெயினிங்? நர்சு ட்ரெயினிங்கா?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாண நாள், மேல் கட்டில், வயிற்றைப் புரட்டும் ரகசியம் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சரி, இடி விழப்போகிறது என்று ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"எனக்குத் தெரியாதாமா?" என்றாள் சித்தி. "கல்யாணமான புதுசுல ராட்டினத்துல ஏறினோம். இறங்கினதும் ஐஸ்க்ரீம் வாங்கிட்டு வரேன்னு பின்பக்கம் ஓடினாரு. திரும்பி வந்தப்ப கண்ணெல்லாம் செவந்து, மூஞ்சியெல்லாம் தண்ணி. கையில ஐஸ்க்ரீமும் இல்ல ஒண்ணும் இல்ல. கடை மூடிட்டான்னாரு. நானும் அப்படியான்னு கேட்டுக்கிட்டேன். எனக்கு வயித்தப் புரட்டும்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே கடலையே மறந்திருப்பேன். உப்புத்தண்ணியாம்!"

"சித்தி..."

"ஒருநாள் இல்ல ஒருநாள் எங்கிட்ட வந்து சாய்வாருன்னு பாத்துட்டே இருந்தேன். கடைசியில உன் கையில போய் தலையக் குடுத்திருக்காரே." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உனக்கு எதுக்குடி அந்த வேலை? அது என் வேலைடி," என்றாள். பழைய அதட்டல் திரும்பியிருந்தது. "அந்த ஆள எங்கயும் நகர வேணாம்னு சொல்லு. விடியக்காலை பஸ்ஸுக்கு வரேன். உன் விஷயத்த உங்கம்மாகிட்ட சொல்றதா வேணாமான்னு அங்க வந்து யோசிக்கறேன்."

வைத்துவிட்டாள்.

"ரொம்பக் கோவமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ரொம்ப. உங்க நெத்தியப் பிடிக்க நாளைக்கு வராங்களாம்."

அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். முட்டியில் கையை ஊன்றி எழுந்து, இன்னும் தள்ளாடிக்கொண்டே மஞ்சள் குடையை நோக்கி நடந்தார். விழுந்துவிடப் போகிறார் என்று நானும் கூடவே போனேன்.

"நாளைக்குப் படகுல ரெண்டு சீட்டு வேணும்மா," என்றார்.

வழிகாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மறுபடியுமா சார்? மாத்திரை போட்டுக்கிட்டு வருவீங்கல்ல?"

"மாத்திரை எல்லாம் வேணாம்," என்றார் சித்தப்பா. "கம்பி ஓரமா, குனிய வசதியா இருக்கற சீட்டாப் பாத்துக் குடுங்க. கூட என் வீட்டுக்காரி வரா."