இறக்கி வைக்க முடியாத குழந்தை

கீழே இறக்கி வைத்தால் அந்தக் குழந்தை ஒரு இரும்பு பீரோவின் கனம் கனத்தாள். தூக்கிக்கொண்டால் கனமே இல்லை. பிறந்த வாரத்திலேயே இரண்டு தொட்டில்களும், மாமா ஆசையாக வாங்கி வந்த தேக்குக் கட்டிலும் முறிந்தன. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை, கொட்டாவி விட்டாள். ஆக, எந்நேரமும் யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும், அதுவும் விழித்தபடி. தூக்கியவர் கண் அசந்தால் போச்சு, மறுபடி பீரோ. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா ஒருநாள் அப்படித்தான் கண்ணயர்ந்து, நாற்காலியும் குழந்தையுமாகக் கீழ்வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் தங்கமான மனிதர்கள், டீ கொடுத்து அனுப்பினார்கள்.

அப்பா, அவருடைய அக்கா, அம்மாவின் தம்பி என்று முறை வைத்துத் தூக்கினாலும், பாலுக்கு அம்மாவிடம்தானே வர வேண்டும்? பாவம், அவள் ஒழுங்காகத் தூங்கி மாதக்கணக்காகியிருந்தது. சர்க்கரை என்று நினைத்து டீயில் சோப்புத்தூளைப் போட்டுக் கலக்கினாள். வாயைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை, குடித்துவிட்டார்கள்.

குழந்தைகளுக்கு வரும் அபூர்வப் பரம்பரை நோய்களை ஆராயும் டாக்டரம்மா ஒருத்தி அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். எங்கள் வழியில் இப்படிக் கிடையவே கிடையாது என்று அத்தை அவளிடம் சாதித்தாள். உட்கார்ந்தால் நான்கு பேர் சேர்ந்தாலும் எழுப்ப முடியாத உங்கள் பெரியப்பா எந்த வழி என்று மாமா கேட்டான். அது நோயில்லை, சோம்பேறித்தனம் என்றாள் அத்தை. பூதக்கண்ணாடி இரு குடும்பத்து ரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, கோளாறு இரண்டு பக்கமிருந்தும் சரிபாதி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அத்தையும் மாமாவும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் குழந்தையைக் கை மாற்றும்போது பேசாமல் எப்படி? மறுவாரமே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு வழியாக மருந்து தயாரானது. மருந்தை எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும். குழந்தையை வைத்ததும் எடை மெஷின் தட்டையாகிவிட்டது. வழக்கமான குறுக்குவழியில் இறங்கினார்கள்: அம்மாவைக் குழந்தையோடு நிறுத்தி ஒரு எடை, தனியாக நிறுத்தி ஒரு எடை. குழந்தையோடு நின்றபோது அம்மாவின் எடை குறைந்தது. மெஷினை மாற்றினார்கள், அப்போதும் அதேதான். குழந்தையின் எடை பூஜ்யத்துக்கும் கீழே நாலு கிலோ என்று கணக்கு வந்தது. அப்படியென்றால் மருந்தைக் குழந்தையிடமிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்றார் உதவி டாக்டர். பூதக்கண்ணாடி நெடுநேரம் யோசித்தாள். குழந்தைக்குக் கழித்தல் என்றால் தூக்குகிறவளுக்குக் கூட்டல், ஊசி அம்மாவுக்குத்தான் என்றாள். அந்த வார்டில் அதுவரை எந்த அம்மாவுக்கும் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. பெரியவர்களுக்கான ஊசியைப் பக்கத்துக் கட்டடத்தில் போய் வாங்கி வந்தார்கள்.

"இவளுக்குக் குணமாகலைன்னாலும் பரவாயில்ல டாக்டர். நான் கண்ணை மூடினா இவ விழமாட்டான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் அம்மா.

"அது எனக்கே தெரியாதும்மா. ஆனா நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்."

ஊசி போட்டாயிற்று. குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு அம்மா படுத்தாள். அத்தை கட்டிலின் ஒரு காலையும் மாமா இன்னொரு காலையும் பிடித்துக்கொண்டார்கள். அப்பா குனிந்து, லிஃப்ட் கம்பிவடத்தைச் சோதிக்கிற மாதிரி சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். அம்மாவின் கண்கள் மூடின. கட்டில் முனகக்கூட இல்லை. குழந்தை கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அம்மா மறுநாள் மத்தியானம்வரை தூங்கினாள். பூதக்கண்ணாடி நாற்காலியைவிட்டு அசையவில்லை, கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.

நோயாளி ஒருத்தி, வைத்தியம் இன்னொருத்திக்கா என்று பூதக்கண்ணாடி எழுதிய கட்டுரையைப் படித்த நிபுணர்கள் கேட்டார்கள். வந்து பாருங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், சத்தம் கூடாது என்று பதில் போனது. இப்போதும் அந்தக் குழந்தையைத் தொட்டிலில் போட்டால் தொட்டில் முறியும். அதனால் அந்த வீட்டில் தொட்டில் வாங்குவதில்லை. அம்மா மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, மகளை நெஞ்சில் ஏந்தியபடி நன்றாகக் குறட்டை விடுகிறாள். அந்த நேரத்தில் யாரும் வந்து மணி அடித்துவிடக் கூடாதென்று அத்தையும் மாமாவும் சேர்ந்து வாசல்மணியின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.