பார்த்தால் ஒழுங்காகப் போகும் கப்பல்

கண்காணித்தால் திரையில் கப்பல் ஒழுங்காகப் போனது. கண்காணிப்பை எடுத்ததும் கோணிக்கொண்டது. மூத்தவள் இதை ஐந்து தடவை செய்து பார்த்துவிட்டாள், ஐந்து தடவையும் அதே கதை. பெரியவர்கள் எட்டிப் பார்க்கும்போது மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளையை அவளுக்குத் தெரியும், அவள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஒரு கணினிக்கு எதற்கு இந்தக் கள்ளத்தனம்?

"அக்கா, சாப்பாடு ஆறுது," என்றாள் வெட்டு மேசையிலிருந்து இளையவள்.

"ஆறட்டும். ஆத்திரத்துலயே வயிறு நெறஞ்சு போச்சு."

மூன்றாவது மாடியிலிருந்த அந்த லேபிள் அச்சகம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. மருந்துப் புட்டி, சோப்பு உறை, பெயின்ட் டப்பா என்று எதற்கு வேண்டுமானாலும் லேபிள் அடித்துக் கொடுப்பார்கள். அண்ணன் வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பார், தம்பி அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவார். மூத்த மருமகளுக்கு வடிவமைப்பு, இளைய மருமகளுக்கு வெட்டு மேசை. தொலைபேசியும் வாடிக்கையாளர்களின் திட்டும் அவர்களுடைய நாத்தனாரின் பங்கு. மூன்று பெண்களின் மேசையிலும் மேக். வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு மட்டும் ஒரு பழைய விண்டோஸ் கணினி மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

மதிய இடைவேளையில் இந்த மூவரும் கடற்படை நடத்தினார்கள். ஆளுக்கொரு தீவு. மரம் வெட்டி, துறைமுகம் கட்டி, கப்பல் விட்டு, எதிரே இருக்கும் மூவரை மூழ்கடிக்க வேண்டும். எல்லாம் இணையத்தில். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. போகிற போக்கில் மூல நிரலை எல்லோருக்கும் இலவசமாக விட்டுவிட்டுப் போனது. இப்போது ஆடுகிறவர்களே சர்வர் வைத்து, லீக் நடத்தி, சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள்.

அது விண்டோஸ் கணினிகளுக்காகச் செய்யப்பட்ட விளையாட்டு. மேக்கில் இருக்கும் சிப்புக்கு அந்தக் கட்டளைகள் புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு ஏற்பாடு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனாலும் நூறு கப்பல் ஒன்றாகக் கிளம்பினால் அதற்கு மூச்சு வாங்கும், படம் திக்கித் திக்கி நகரும். மூத்தவள் எட்டு மாதத் தேநீர் நேரங்களைச் சேர்த்து வைத்து, மூல நிரலை எடுத்து, மேக்கின் சொந்த மொழியிலேயே விளையாட்டைத் தொகுத்துவிட்டாள். நடுவில் ஆளே கிடையாது. கப்பல்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயின. அந்தப் பதிப்பை ஓர் இசை ஆசிரியை, ஒரு கட்டட வரைவாளர், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு முன்னாள் மாலுமி என்று நாற்பத்துச் சொச்சம் பேர் இறக்கி ஆடினார்கள்.

ஆனால் விண்டோஸ்காரர்களோடு ஆடினால் பதினோராவது நிமிடத்தில் ஆட்டம் செத்துவிடும்.

அன்று காலைதான் லீக்கின் நடுவர் அழைத்திருந்தார். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். நல்ல மனிதர். விதி என்று வந்துவிட்டால் சுவர்.

"ரெண்டு தடவை ஆயிடுச்சும்மா. சனிக்கிழமை அரையிறுதி. அதுலயும் உடைஞ்சா மேக் பதிப்பையே லீக்கை விட்டு எடுத்துடுவேன். எதிரணில மூணு பேரு வேலையை விட்டுட்டு வந்து உக்கார்றாங்க. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?"

"எங்க தப்புன்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க?"

"விண்டோஸ்ல ஆயிரம் பேர் ஆடறாங்க. அவங்களுக்குள்ள ஒரு தடவைகூட உடைஞ்சதில்ல."

"எங்க மூணு மேக்குக்குள்ளயும்தான் உடைஞ்சதில்ல. அப்போ நாங்களும் சரிதானே?"

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல். "அதுக்கில்லம்மா. ஒரு விண்டோஸ் மெஷினை எங்கயாவது கேட்டு வாங்கி ஆடிடுங்களேன். நல்லா ஆடற டீம் நீங்க."

"நாங்க ஆடிடுவோம். மத்த நாப்பது பேர் எங்க போவாங்க? நானே என் பதிப்பை விட்டுட்டு வந்தா, அதுக்கு நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி. சனிக்கிழமை எங்க மேக்லதான் சார் வருவோம். பதினோராவது நிமிஷம் கடிகாரத்தைப் பாத்துட்டே இருங்க."

அழைப்பு முடிந்ததும் நாத்தனார் நாற்காலியோடு உருண்டு வந்தாள். "அண்ணி, அமர்க்களம். கைல என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லாமயா இவ்வளவு சத்தம்!"

இந்த மாதிரி விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. ஆறு கணினிகளும் தங்கள் கப்பல் எங்கே இருக்கிறது என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான பொருள்களின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி அனுப்பினால் இணைப்பு திணறிவிடும். 'இந்தக் கப்பலை அந்தப் பாறைக்குத் தெற்கே அனுப்பு' என்ற உத்தரவு மட்டும்தான் போகும். உத்தரவு கிடைத்ததும், போர் முழுவதையும் ஒவ்வொரு கணினியும் தன்பாட்டில் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆறு அறையில் ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே கணக்கு. எல்லோரும் சரியாகப் போட்டால் ஆறு அறையிலும் ஒரே கடல்.

அதை உறுதி செய்ய, ஒவ்வொரு கணினியும் தன் கடலில் உள்ள எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஓர் எண்ணாக்கி நொடிக்கு ஒரு தடவை அறிவிக்கும். எண் ஒத்துப்போகவில்லையென்றால் ஆட்டம் நிற்கும். யார் எண் சரி? ஆட்டத்தை நடத்தும் கணினியின் எண்தான் சரி. அது எப்போதும் நடுவருடைய விண்டோஸ்.

பதினோராவது நிமிடத்தின் மர்மத்தை மூத்தவள் போன வாரமே உடைத்துவிட்டாள். தீவில் நடமாடும் போர்வீரர்கள் கட்டம் கட்டமாக நடப்பவர்கள், அவர்கள் கணக்கு முழு எண்ணில் முடிந்துவிடும். கப்பல் அப்படியில்லை. எந்தக் கோணத்திலும் திரும்பும், அதன் கணக்கெல்லாம் தசமம். துறைமுகம் கட்டி முதல் கப்பல் கடலில் இறங்குவதற்குப் பதினொரு நிமிடம் ஆகும். ஆகவே கோளாறு கப்பலில்தான். கப்பலை நகர்த்தும் வரியையும் கண்டுபிடித்துவிட்டாள். பழைய இடத்தோடு, வேகத்தையும் திசையையும் பெருக்கி வந்ததைக் கூட்டினால் புதிய இடம். அவ்வளவுதான், ஒரே வரி.

அந்த வரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் கண்காணிப்பு வைத்தாள். பெருக்கலைத் தனியாக ஒரு வரியில் போட்டு, வந்த விடையைக் கோப்பில் எழுதி, அடுத்த வரியில் கூட்டினாள். பதிவு செய்திருந்த பழைய ஆட்டத்தைத் தன் மேக்கிலும் மூலையிலிருந்த விண்டோஸிலும் ஓடவிட்டு ஒப்பிட்டாள். அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. சந்தோஷமாகக் கண்காணிப்பை எடுத்துவிட்டு, வரியைப் பழையபடி ஒன்றாக்கினாள். கோணிக்கொண்டது.

வெயிலில் அலைந்துவிட்டு உள்ளே வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பேசாம பழைய விண்டோஸ் ஒண்ணு வாங்கிடலாமா?"

"உங்களுக்கு முட்டி வலிச்சா காலை மாத்திடலாமா?"

"நான் கை கழுவிட்டு வரேன்," என்று அவர் நழுவினார்.

இளையவள் கத்தரித்த தாள்களை அடுக்கி வைத்துவிட்டு வந்து அக்காவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நிரலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா புலம்பியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஒரே சமயத்துல ரெண்டை மாத்தியிருக்கீங்க."

"என்ன ரெண்டு?"

"கோப்புல எழுதறதைச் சேத்தீங்க, அது ஒண்ணு. அதுக்காக வரியை ரெண்டா உடைச்சீங்க, அது இன்னொண்ணு. எடுக்கும்போதும் ரெண்டையும் சேத்தே எடுத்துட்டீங்க. அச்சுல நிறம் பிசகினா ஒரு நேரத்துல ஒரு மையைத்தான் மாத்தணும்னு நீங்கதானே தினம் எங்க வீட்டுக்காரர்கிட்ட கத்தறீங்க?"

மூத்தவள் திரும்பி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்காணிப்பை மறுபடி வைத்து, அதில் கோப்பில் எழுதும் கட்டளையை மட்டும் அழித்தாள். உடைந்த வரி உடைந்தபடியே இருந்தது. ஓட விட்டாள். ஒத்துப்போனது. இப்போது மாற்றிச் செய்தாள்: வரியை ஒன்றாக்கி, கடைசி விடையை மட்டும் கோப்பில் எழுதச் சொன்னாள். கண்காணித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெட்கமில்லாமல் கோணியது.

"பாக்கறது பாக்காததெல்லாம் இல்லடி! வரியை உடைக்கிறதுலதான் இருக்கு!"

"அதைத்தானே நானும் சொன்னேன்."

மீதி அரை மணி நேரத்தில் பிடிபட்டது. வீணான லேபிள் தாள் ஒன்றின் முதுகில் அவள் மற்ற இருவருக்கும் போட்டுக் காட்டினாள்.

"மூணு இலக்கம் மட்டுமே ஞாபகம் வெச்சுக்கிற ஒரு கணக்குப்பிள்ளைன்னு வெச்சுக்கோங்க. கப்பல் 12.3ல நிக்குது. வேகம் 0.57, திசை 0.438. பெருக்கினா 0.24966. மூணு இலக்கம்தானே? சுருக்கி 0.250ன்னு எழுதிக்கிறான். 12.3ஓட கூட்டினா 12.55. அதையும் மூணு இலக்கமாச் சுருக்கணும். 12.6. ரெண்டு தடவை சுருக்கியாச்சு. இது விண்டோஸ்காரங்க கணக்கு."

"நம்ம கணக்கு?" என்றாள் நாத்தனார்.

"நம்ம சிப்புல பெருக்கிக் கூட்டறதுக்குன்னே ஒரே கட்டளை இருக்கு. ரெண்டையும் ஒரே மூச்சுல செஞ்சுட்டு, கடைசில ஒரே ஒரு தடவைதான் சுருக்கும். 12.3ஓட 0.24966, மொத்தம் 12.54966. சுருக்கினா 12.5."

"அங்க 12.6, இங்க 12.5!"

"கணினி ஏழெட்டு இலக்கம் வெச்சுக்கும், அதனால வித்தியாசம் கடைசி இலக்கத்துல. ஆனா ஒத்துப்போகலைன்னா போகலைதான். ஒரே வரில பெருக்கலும் கூட்டலும் இருந்தா, நிரலைச் சிப்போட மொழிக்கு மாத்தற தொகுப்பி அதை அந்த ஒத்தைக் கட்டளையா மாத்திடுது. நான் வரியை உடைச்சதும் ரெண்டு கட்டளையாயிடுது. முன்னாடி அந்த மொழிபெயர்ப்பு ஏற்பாட்டை வெச்சு ஆடினப்பவும் அதேதான், அது விண்டோஸ் செய்யற மாதிரியே ரெண்டா செஞ்சுது."

நாத்தனார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. "அப்போ சரியாப் போட்டது நாம. மொட்டையாக்கினது அவங்க. இதுக்கா நம்மளை வெளிய தள்றாங்க? நாம ஏன் அண்ணி மாறணும்? அவங்க மாறட்டும்!"

மூத்தவளுக்கும் அதே சூடு ஏறியது. நடுவருக்கு ஒரு கடிதம்கூடத் தட்டத் தொடங்கினாள். 'உங்கள் ஆயிரம் பேரும் தவறாகக் கூட்டுகிறீர்கள்' என்ற முதல் வரியே தித்தித்தது. நான்காவது வரியில் விரல் நின்றது. மூலையில் உறுமும் கிழட்டுக் கணினியைப் பார்த்தாள். பெருக்கிக் கூட்டும் அந்த ஒற்றைக் கட்டளையே அதன் சிப்பில் கிடையாது. லீக்கில் பாதிப் பேர் வைத்திருப்பது அந்த வயதுக் கணினிகள்தான். இவள் செய்யச் சொல்வதை அவற்றால் செய்யவே முடியாது. பழைய கணினி வைத்திருப்பவர்களைப் போய் வேறு வாங்கிக்கொள்ளச் சொல்வதா? தன்னிடம் காலையில் சொல்லப்பட்டதும் அதுதானே.

கடிதத்தை அழித்தாள்.

"என்ன, விட்டுக்குடுத்துட்டீங்களா?" நாத்தனாரின் குரலில் ஏமாற்றம்.

"கடைசி இலக்கத்தை விட்டுக்குடுக்கறேன். லீக்ல இருக்கற இடத்தை இல்ல. எந்த எண் ரொம்பச் சரிங்கறது முக்கியமில்ல, ஆறு பேருக்கும் ஒரே எண் வரணும். அது நம்மாலதான் முடியும், செஞ்சு காட்டறோம். 'மேக்ல ஆகாது'ன்னு இனிமே ஒருத்தன் வாயைத் திறக்கட்டும்."

நிரலில் அப்படிப்பட்ட வரிகள் எழுபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றையும் கையால் உடைத்தால் ஒன்றிரண்டு தப்பிவிடும். பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாக்காதே என்று தொகுப்பியிடமே ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட ஒரு வழி இருந்தது. சொன்னாள். உடைந்துபோன இரண்டு ஆட்டங்களையும் மேக்கிலும் விண்டோஸிலுமாக மறுபடி ஓட்டினாள். சோப்பு லேபிள்கள் ஒரு மணி நேரம் வெட்டப்படாமல் கிடந்தன. அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து தம்பி கத்தினார். "வெட்டற மெஷின் போர்ல இருக்கு, அப்புறம் வாங்க," என்று இளையவள் பதிலுக்குக் கத்தினாள்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மூன்று மேக், எதிரே மூன்று விண்டோஸ், நடுவில் நடுவருடைய கணினி. பத்தாவது நிமிடத்தில் இளையவள் மரம் போதவில்லை என்று அலறினாள். பதினோராவது நிமிடத்தில் நாத்தனாரின் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் இறங்கியது. மூத்தவள் கடலைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் நொடிக்கு ஒரு தடவை மாறிக்கொண்டிருந்த, ஆறு பேருடையதும் நடுவருடையதுமான ஏழு எண்களையே பார்த்தாள். ஏழும் ஒன்று. அடுத்த நொடியும் ஒன்று. பன்னிரண்டாவது நிமிடம் பிறந்தது. இருபதாவது நிமிடத்தில் எழுபது கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன, ஏழு எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

எல்லோரும் கேட்கும் பொதுத் தொடர்பில் நடுவரின் இருமல் கேட்டது. "மூணாவது மாடி டீம், ஒண்ணும் உடையல."

"கடிகாரத்தைப் பாத்தீங்களா சார்?"

"பாத்துட்டே இருந்தேன்மா. மேக் பதிப்பு லீக்லயே இருக்கும், எழுதிட்டேன். என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. மத்தவங்களும் கேட்டுட்டு இருக்காங்க."

மூத்தவள் ஒரு கையால் கப்பலைப் பாறைக்குப் பின்னால் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"மேக்கோட சிப் பெருக்கலையும் கூட்டலையும் ஒண்ணாச் செஞ்சு ஒரு தடவைதான் சுருக்குது. உங்க மெஷின் தனித்தனியாச் செஞ்சு ரெண்டு தடவை சுருக்குது. அதனால கடைசி இலக்கம் மாறுது. மேக்குக்குத் தொகுக்கும்போது அமைப்புக் கோப்புல -ffp-contract=off அப்படின்னு ஒரே ஒரு வரி சேத்துட்டு, மொத்தத்தையும் மறுபடி தொகுத்துடுங்க. மேக்கும் ரெண்டு தடவை சுருக்கும், எல்லார் கணக்கும் ஒத்துப்போகும்."