யூதாஸ் வீட்டுப் பெனால்டி

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனவில் வந்தது, கடற்கரையில் நடக்கும்போது தோன்றியது என்றெல்லாம் சொல்லலாம். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இது ராயபுரத்தில் எங்கள் தெருவில் மாதா சொரூபம் வைத்த கெபிக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதிலிருந்து வந்தது.

எனக்குக் கதை எப்போதும் காது வழியாகத்தான் வரும். முதலில் ஆள் தெரியாது, இடம் தெரியாது. யாரோ யாரையோ ஏசுவது கேட்கும். அப்புறம்தான் ஏசினவளுக்கு ஒரு முகத்தைக் கொடுத்து, ஒரு தெருவில் கொண்டுபோய் நிறுத்துவேன்.

இந்த முறை முகத்தை முதலில் வைத்துப் பார்ப்போமே என்று இப்படித் தொடங்கினேன்:

கடற்காற்று வருடும் ராயபுரத்தின் அந்தி வேளையில், ஜானட் என்னும் அந்த—

விட்டுவிட்டேன். எங்கள் தெருவுக்குக் கடற்காற்று வருவதில்லை. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகைதான் வருகிறது. வருடுகிற புகை இல்லை அது.

இரண்டாவது தொடக்கம்:

பெண்கள் கால்பந்தின் உலக வரலாற்றை நோக்குமிடத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து—

இங்கே ஜானட்டின் குரல் குறுக்கே வந்தது. "இன்னா ஆன்ட்டி, பரீச்சைக்கா எழுதிகினு கீற?"

ஆகவே சண்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆனால் சண்டை புரிய வேண்டுமானால் பாஸ்கா புரிய வேண்டும்.

2

வருஷா வருஷம் புனித வாரத்தில் எங்கள் தெருவில் பாஸ்கா போடுவோம். இயேசுவின் பாடுகளைத் தெருவிலேயே நாடகமாக நடிப்பது. வசனம் என்னுடையது. சிலுவையம்மாள் என்று பெயர் இருப்பதால் கொடுத்தார்களோ என்னவோ.

பாஸ்காவில் வேஷம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பழி தனக்கில்லை என்று கை கழுவுகிற பிலாத்து வேஷம் டெரிக் வீட்டுக்கு. அவன் அப்பா கை கழுவினார். அவருக்குப் பிறகு அவன் கழுவுகிறான். யூதாஸ் வேஷம் இன்னாசி வீட்டுக்கு.

இன்னாசி ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். ரயில் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். காட்டிக்கொடுத்துவிட்டு அவர் அழுகிற அழுகைக்கு மைக் வைத்ததே இல்லை. அவர் அழுதால் தெரு முழுக்க அழும். மறுநாள் காலையில் அதே தெரு அவரை "யூதாஸ்" என்று கூப்பிடும். வேஷத்தை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, வயதும் எண்பதை நெருங்குகிறது. ஆனாலும் சிலிண்டர் போட வருகிறவன் தெருமுனையில் நின்று, "யூதாஸ் வூடு எது?" என்றுதான் விசாரிக்கிறான். மகள் ஜானட் ஆட்டோ ஓட்டுகிறாள். ஸ்டாண்டில் அவள் யூதாஸ் மவ. அவளுக்கு ஒரு பெண் இருக்கிறது, ஆன்சி. அதைப் பள்ளிக்கூடத்தில்—

(ஆன்சியை இதற்கு மேல் கதைக்குள் கொண்டுவர மாட்டேன். குழந்தையைக் காட்டி உங்களைக் கலங்க வைப்பது எனக்குக் கைவந்த தந்திரம். அதனாலேயே வேண்டாம். அவளையும் அந்தப் பெயர் தொட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.)

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜூலையில் நம் கால்பந்துப் பெண்கள் தாய்லாந்துக்கே போய், தாய்லாந்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்று, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்த வாரம், தெருவார் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. செப்டம்பரில் வரும் மாதா திருவிழாவுக்கு இந்த முறை கோலாட்டம் வேண்டாம், பெண்கள் கால்பந்தின் சரித்திரத்தை நாடகமாகப் போடுவோம் என்று முடிவானது. பாஸ்கா மாதிரியே: தெருவில், காட்சி காட்சியாக, நிஜமான பந்தோடு.

நல்ல யோசனை. வேஷம் பிரிக்கும்வரை.

3

காட்சிகளை நான் எழுதினேன். முதலாவது, மெக்சிகோ, 1971. லட்சம் பேருக்கு மேல் மைதானத்தில். டென்மார்க் வென்றது. உலகக் கால்பந்துச் சங்கம் அந்தப் போட்டியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. இதைச் சொன்னதும் காசிமேட்டில் மீன் விற்கும் பூமாரி கேட்டாள்:

"லட்சம் பேரு வந்து குந்திகினு பாத்தானே, அவனாச்சும் கணக்குல கீறானா?"

இரண்டாவது, சீனா, 1991. சங்கம் தானே நடத்திய முதல் உலகக் கோப்பை. ஆண்களுக்குத் தொண்ணூறு நிமிடம், பெண்களுக்கு எண்பது என்று வைத்திருந்தார்கள்.

"ஏன், அந்தப் பத்து நிமிசத்துல போயி சோறு வடிக்கணுமா?" இதுவும் பூமாரிதான். அப்படியே வசனத்தில் சேர்த்துவிட்டேன். திருவிழா அன்று அதிகக் கைதட்டல் வாங்கியது என் வசனம் எதுவும் இல்லை, இதுதான்.*

மூன்றாவது, அமெரிக்கா, 1999. இறுதி ஆட்டம், அமெரிக்காவும் சீனாவும். தொண்ணூறாயிரம் பேர். இரண்டு மணி நேரம் ஆடியும் ஒரு கோல் இல்லை. பெனால்டி. பத்து உதைகளில் ஒன்பது உள்ளே போயின. சீனாவின் மூன்றாவது உதை மட்டும் தடுக்கப்பட்டது. கடைசி உதையைப் போட்ட அமெரிக்கப் பெண் ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றினாள். அந்த வேஷம் பூமாரிக்கு.

"ஃபாதர் முன்னாடி நான் இன்னாத்த கழட்டறது?"

"நைட்டி மேல ஜெர்சி போட்டுக்கோ. கழட்டுனா நைட்டி இருக்கும்."

"சரி. மெய்யாலுமே அவ நைட்டி போட்டிருக்க மாட்டா. பரவால்ல."

அதற்குப் பிறகுதான் நடுவர் வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்ட டெரிக், மூன்றாவது உதையைத் தவறவிட்ட அந்தச் சீனாக்காரியின் வேஷத்துக்கு வந்தான்.

"இது தோக்கற வேஷம். யூதாஸ் வூட்டுக்கே குட்த்துரலாம்."

அவன் கெட்டவன் இல்லை. வேஷம் வீட்டுக்கு என்பது எங்கள் வழக்கம். தோற்கிற வேஷம் எந்த வீடு என்பதும் வழக்கம். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். ஜானட் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"டெரிக்கு, தோத்தது வேற, காட்டிக் குடுத்தது வேற. ரெண்டையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டாத."

"நாடகம்தானே ஜானட்டு. என்னியும்தான் பிலாத்துன்றானுங்கோ. நானு அழுதுகினா கீறேன்?"

"பிலாத்து கவர்னரு, மாமே. உன் பொண்டாட்டிய ஒரு நாளு யூதாஸுன்னு கூப்ட்டுப் பாரு. அப்பால வந்து பேசு."

இதுதான் சண்டை. இதிலிருந்துதான் கதை.

* இந்த இரண்டுக்கும் நடுவில், 1980 வாக்கில், கோழிக்கோட்டில் பெண்களுக்கான ஆசியப் போட்டி நடந்தபோது இந்தியா ஒன்றுக்கு இரண்டு அணிகளை இறக்கியது. ஒன்று இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. இதையும் காட்சியாக்கப் பார்த்தேன். "நம்மாளுங்களே ரெண்டு டீமா பிரிஞ்சி நிக்கறத மேடை போட்டு வேற காட்டணுமா, தெனைக்கும் தண்ணி லாரியாண்ட பாக்கறதுதானே" என்றார்கள். எடுத்துவிட்டேன்.

4

கதையில் இந்த இடம் எனக்குச் சரியாக வரவில்லை. ஜானட் மறுக்கிறாள், பிறகு ஒப்புக்கொள்கிறாள். ஏன் ஒப்புக்கொண்டாள்?

முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: வேறு யாருக்கும் பந்தைக் குறி வைத்து அடிக்கத் தெரியாததால். உண்மைதான். ஒத்திகையில் மற்றவர்கள் அடித்ததில் கெபியின் இரண்டு ட்யூப்லைட் போயிற்று. ஆனால் ட்யூப்லைட்டுக்காக ஒருத்தி தன் பெயரைப் பணயம் வைப்பாளா? அடித்துவிட்டேன்.

இரண்டாவது பிரதியில்: என் வசனத்தைக் கேட்டு மனம் இளகியதால். இது என் ஆசை. உண்மையில் நடந்தது வேறு. அவள் ஆட்டோவில் காலடிப்பேட்டை வரை போய்வந்தேன், வழியெல்லாம் படித்துக் காட்டினேன். பந்து தடுக்கப்பட்டதும் அந்தச் சீனப் பெண் பேசுகிற வசனம். கல்லும் கரையும் என்று நினைத்திருந்தேன். டோல்கேட் சிக்னலில் ஜானட் திரும்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எங்க நைனா அழுதா இந்த ஊரே அழுதுச்சு. நீயும் அழுத. மறுநாளு இன்னான்னு கூப்ட்டாங்கோ? நீ எத்தினி பேர அழ வெச்சாலும் பேரு மாறாது. நாளைக்கி என் வூட்டாண்ட நின்னு, பெனால்டி வுட்டவ வூடு எதுன்னு கேப்பான். யூதாஸு போயி இது வரும். இல்ல, ரெண்டும் சேந்து வரும்."

பச்சை விழுந்தது. அந்த வசனத்தை அங்கேயே நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அது எந்த மேடையிலும் பேசப்படவில்லை.

மூன்றாவது பிரதிக்கு உமைமா வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா சௌக்கத் அலியின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். இளவயதில் ஜானட்டும் அவளும் ஒரே கால்பந்துக் குழுவில் ஆடியவர்கள். ஜானட் முன்னால் நின்று கோல் அடிப்பவள், உமைமா கோலைக் காக்கும் கோலி. அமெரிக்கக் கோலி வேஷத்துக்கு அவளைத்தான் அழைத்திருந்தோம். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"வேற எவளாவது அடிச்சி, நானு பிடிச்சா, அதுல எனக்கு இன்னாடி பெருமை?"

"பிடிக்கற மாரி அடிக்கச் சொல்றாங்கோ. நாடகமாம்."

"அதுக்கு எதுக்கு நானு? ஒரு கோரப்பாய அங்க கட்டிரலாமே. நீ மெய்யா அடி. வந்தா பிடிக்கறேன், போனா போவட்டும்."

நான் குறுக்கிட்டேன். "உள்ளே போயிட்டா சரித்திரம் மாறிடும்மா."

உமைமா என்னைப் பார்த்தாள். "சீனாலேர்ந்து யாரும் வந்து கேக்க மாட்டாங்க ஆன்ட்டி."

ஜானட் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். சரி என்றாள். இந்தப் பிரதியை அடிக்கவில்லை. ஆனால் இதனால் எனக்கு ஒரு சங்கடம்: காட்சியின் முடிவு என் கையை விட்டுப் போய்விட்டது. வசனம் எழுதுகிறவளிடம், "கோலா இல்லையா என்று பந்து சொல்லும்" என்றால் அவள் எதை எழுதுவாள்? இரண்டு தாள்களில் இரண்டு விதமாக எழுதி வைத்துக்கொண்டு மைக்கருகே உட்கார்ந்தேன்.

5

திருவிழா. எர்ணாவூரிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். தெருவின் ஒரு கோடியில் வலை கட்டிய கோல்போஸ்ட். முன் வரிசை நாற்காலியில் இன்னாசி, வெள்ளைச் சட்டையில், மகளின் ஆட்டோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

மெக்சிகோ நன்றாகப் போனது. சீனாவில் சோறு வடிக்கிற வசனம் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு 1999.

ஜானட் பந்தை வைத்தாள்.

அவள் மனதில் அப்போது ஓடிய எண்ணங்கள்—

இல்லை. எனக்குக் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். டெரிக்கின் விசில். ஜானட்டின் செருப்பில்லாத கால் தார்ச்சாலையில் ஓடும் சத்தம். அடி. அதற்கடுத்து, கையுறையில் பந்து மோதும் சத்தம்.

உமைமா பிடித்துவிட்டாள்.

தெரு ஒரு மூச்சு இழுத்தது. பின் வரிசையில் ஒரு ஆண்குரல் எழும்பியது: "யூதாஸு மவ—"

அந்த வாக்கியம் முடியவில்லை. முன் வரிசையிலிருந்து, ரயில் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய அந்தக் குரல் எழுந்தது. எத்தனையோ வருஷமாக நாங்கள் யாரும் கேட்டிராத குரல்.

"கோலி முன்னாடி வந்துட்டா. ரெஃபரி, கண்ணு இன்னா பொடனிலயா கீது? ரெண்டடி வந்துட்டா. திருப்பி அடிக்கச் சொல்லு."

உண்மை. உமைமா அந்தப் பழைய ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். அதில் அமெரிக்கக் கோலி, உதை விழுவதற்கு முன்பே கோட்டைவிட்டு முன்னால் வந்திருப்பாள். அப்படி வந்து பிடித்தால் உதையைத் திருப்பி அடிக்க விட வேண்டும்; அன்றைக்கு நடுவர் விசில் ஊதவில்லை. அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதே அடிகளை இவளும் வைத்துவிட்டாள்.

"ஆமாம்பா, வந்தா," என்றது ஒரு பெண்குரல். "நானும் பாத்தேன்." "திருப்பி அடி." "நாடகத்துல இன்னாடா திருப்பி?" "நாடகம்னா கண்ணு தெரியக்கூடாதா?" தெரு இரண்டாகி, நான்காகி, மறுபடி ஒன்றாகிக் கத்தியது.

உமைமா பந்தை ஜானட்டை நோக்கி உருட்டிவிட்டாள். "வந்தேன்தான்," என்றாள், யாரும் கேட்காமலே.

டெரிக் என்னிடம் ஓடிவந்தான். "ஆன்ட்டி, இதுக்கு இன்னா டயலாக்கு?"

என்னிடம் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டிலும் இது இல்லை.

"நீதானே ரெஃபரி," என்றேன்.

அவன் திரும்பிப் போய், பெனால்டிப் புள்ளியைக் கையால் காட்டினான்.

இன்னாசி இன்னும் உட்காரவில்லை. ஜானட் பந்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நைனா, கம்முனு குந்து."

"நீ அடி. நானு நின்னுகினே பாக்கறேன்."

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில் பந்து உள்ளே போகிறது. சரித்திரம் தப்பாகிறது. சீனா முன்னிலை. பூமாரி ஜெர்சியைக் கழற்றலாமா கூடாதா என்று விழிக்கிறாள். இன்னொன்றில் உமைமா கோட்டிலேயே நின்று, நியாயமாகவே பிடிக்கிறாள். மூன்றாவதில் பந்து கெபியின் மிச்ச ட்யூப்லைட்டை—

மூன்றாவதை விடுங்கள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அங்கேதானே இருந்தேன். ஆனால் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் பந்தை மட்டும் பார்ப்பீர்கள். அதற்கும் முன்னால், விசிலுக்காக ஜானட் இடுப்பில் கைவைத்து நின்ற அந்தச் சின்ன இடைவெளியில், மைக்குக்குப் பின்னால் எர்ணாவூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"யாருக்கா அந்தப் பெருசு, இந்தக் கத்து கத்துது?"

"அவரா? ஜானட்டோட நைனா."

இதைக் கேட்டேனா, எழுதினேனா என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். காது சொல்கிறது கேட்டேன் என்று. எழுதிய கை ஒன்றும் சொல்லவில்லை. எதை நம்புவது என்பதையும் உங்களிடமே விடுகிறேன். டெரிக் விசிலை வாயில் வைத்துவிட்டான், உமைமா கோட்டில் நிற்கிறாள், ஜானட் ஓடிவரத் தொடங்கிவிட்டாள். நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்களோ, அந்தப் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்.