பால் ஆறும்வரை

கந்தசட்டி விரதம் பிடிக்கச் சொன்னால் பிடித்துவிட்டுப் போகலாம், அதிலென்ன குறை. ஆனால் பிள்ளை வரம் கேட்டு விரதம் இருத்தப்பட்டவளின் வயிற்றில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால் அவள் என்னதான் செய்வாள்? நல்லூரில், கோயில் மணி கேட்கிற தூரத்து வீடொன்றில் உதயகலா இப்படித்தான் மாட்டிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லித்தான் பார்த்தாள், இரண்டு தரம். முதல் தரம் மாமியார் சிவக்கொழுந்து அன்றைக்கே கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்துவிட்டார். இரண்டாம் தரம் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு தரமும் கரு தங்கவில்லை. பிறகு சனம் செத்தவீட்டுக்கு வருவதுபோல வந்து, விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்து, அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனது. இந்த முறை மூன்று மாதம் கழியும்வரை வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள். வவுனியாவில் வேலை செய்கிற புருசன் ஜெயதீபனுக்கு மட்டும் தெரியும். "உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான். நல்ல மனுசன்தான், தாய்க்கு முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது.

பட்டினி கிடக்கவே கூடாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டு விரதமோ பின்நேரப் பூசை முடிந்து ஒரு கிளாஸ் பால், அவ்வளவுதான். மாமியாரும் அதே ஒரு கிளாஸோடு இருந்ததால் எதிர்த்துக் கதைக்கவும் வழியில்லை. ஆகவே மாமியாரின் பங்கை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் பங்கில் வறுத்த அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சினாள். பார்த்தால் பால், குடித்தால் கஞ்சி.

கெடுத்தது மச்சாள் சாருஜாவின் விஞ்ஞானப் பாடம். ஜெயதீபனின் கடைக்குட்டித் தங்கச்சி அவள். எந்தச் சாப்பாட்டில் மாப்பொருள் இருக்கிறது என்று வீட்டில் அயடீன் விட்டுப் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள். சீனிக்குப் பெனடிக்ற் கரைசலையும் புரதத்துக்குப் பையூரெட் சோதனையையும் பள்ளிக்கூடத்திலேயே செய்தாயிற்று. விரத வீட்டுக்குள் முட்டை வரமுடியாது என்பதால் முட்டை வெள்ளைக்கரு ஊதாவாக மாறியதையும் அங்கேயே பார்த்தாயிற்று. மேசையில் வரிசையாகச் சோசர்கள் இருந்தன. மரவள்ளிக்கிழங்கு கருநீலம், பாண் கருநீலம். நிறம் மாறாத சாப்பாடு ஒன்றும் வேண்டும் அல்லவா? மழை தூற, கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க உதயகலா ஓடிய நேரம் பார்த்து, சாருஜா அண்ணியின் ஆறிய பாலில் ஒரு கரண்டி எடுத்து அயடீன் விட்டாள்.

"அம்மா, பால் நீலமாப் போச்சு."

தன் பாலை அப்போதே குடித்து முடித்திருந்த சிவக்கொழுந்து எட்டிப் பார்த்தார். "மா கலந்திருக்கு. உவன் பால்கார நாகலிங்கம் விரதநாளிலை கூட இப்பிடிச் செய்யிறானே? என்ன பிள்ளை, நீ ஒண்டும் கவனிக்கேல்லையோ?"

உடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற உதயகலா, "ஓம் மாமி, கொஞ்சம் தடிப்பாத்தான் இருந்தது" என்றாள். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கிளாஸ் அப்படியே வாழைக்கு ஊற்றப்பட்டது. அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் பின்நேரம் பால்காரர் நாகலிங்கத்தை விறாந்தையில் மறித்து வைத்தார் சிவக்கொழுந்து. "பிள்ளை, போத்தல் பால் முழுவதையும் காய்ச்சி உன்ரை கிளாஸிலை கொண்டு வா. உவருக்கு முன்னாலையே பாப்பம். இனி ஒவ்வொரு நாளும் பாத்துத்தான் குடிக்கிறது."

ஒவ்வொரு நாளுமாம். குசினிக்குள் உதயகலா பாலை அடுப்பில் வைத்தாள். மா போடாமல் விட்டால் பால்காரர் தப்புவார், ஆனால் சூரன்போரோடு விரதம் முடியும்வரை வயிற்றில் இருப்பது பட்டினி. போட்டால் அந்த மனுசனின் பிழைப்பில் மண். அப்போதுதான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தது ஞாபகம் வந்தது. கொதிக்கிற சூட்டில் அயடீன் நீலம் காட்டாது, ஆறினால்தான் காட்டும். பசி யாரை விட்டது, மாவைப் போட்டாள். ஆறுமுன் சோசரைக் கழுவிவிட்டால் சரி என்று நினைத்தாள். பாவி, மாவைப் போடாமலே விட்டிருக்கலாம்.

ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து வைத்தாள். சாருஜா சோசரில் ஒரு கரண்டி ஊற்றி அயடீன் விட்டாள். நீலம் வரவில்லை.

"நேற்று மரவள்ளி எடுத்த கரண்டியாலையே பாலையும் எடுத்திருப்பாய், சாரு" என்று சொல்லிக்கொண்டே உதயகலா சோசரை எடுக்கக் கை நீட்டினாள்.

"விடு பிள்ளை. நாகலிங்கமும் வடிவாப் பாக்கட்டும்" என்றார் மாமியார்.

நாகலிங்கத்துக்கு இப்போதுதான் உயிர் வந்தது. மனுசன் தன் மாட்டுக்கு என்ன தீனி வைக்கிறது என்பதிலிருந்து கதையைத் தொடங்கினார். வெளியே மழைக்காற்று. உதயகலா சோசரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிண்ணமல்ல, தட்டைச் சோசர்; எவ்வளவு நேரம் சூடு நிற்கும்? ஓரத்தில் மெல்லிய நீலம் வந்தது. பிறகு நடுவிலும் பரவியது. நாகலிங்கம் கதையை நிறுத்திவிட்டார்.

"இப்ப என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

நாகலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, கற்பூரம் கொண்டு வாங்கோ. என்ரை மூண்டு பிள்ளையள் மேலையும் ஆணையா அதைக் கையாலை அணைச்சுச் சத்தியம் பண்ணுறன்."

சாருஜா சாமியறைக்குப் போய் வெற்றிலையில் கற்பூரம் கொண்டுவந்து கொளுத்தினாள். அந்த மனுசன் உள்ளங்கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோனார். தான் சொன்ன பொய்க்கு முன்னால் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துவதைப் பார்க்க உதயகலாவால் முடியவில்லை.

"அண்ணை, வேண்டாம்" என்று கையைப் பிடித்துவிட்டாள். "மா போட்டது நான். நேற்றும் நான்தான். எனக்குப் பட்டினி கிடக்க ஏலாது மாமி. மூண்டு மாசம் இன்னும் ஆகேல்லை."

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. சிவக்கொழுந்து கதிரையில் இருந்துவிட்டார். ஏச்சு வரும் என்று உதயகலா குனிந்து நின்றாள். வந்தது அழுகை. மாமியார் அவளை இழுத்துத் தலையைத் தடவினார். "முருகா, முருகா. குடி பிள்ளை, ஆறமுந்திக் குடி. உனக்கினி விரதமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

நாகலிங்கம் வெறும் போத்தலை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு ரெண்டு போத்தல் கொண்டு வாறன், தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

"மாமி, ஒருதருக்கும் சொல்லாதையுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"ச்சீ, நான் ஏன் சொல்லப்போறன்" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உதயகலா கதவோரம் இருந்து பாலைக் குடித்தாள். பாதி குடிக்கும்போது உள்ளே இருந்து குரல் கேட்டது. "ஹலோ, லண்டனே? ஓம், நான்தான். நல்லூரான் கண் திறந்திட்டான்... ஓம், எங்கடை உதயாதான். உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன். இனி அவளைப் படலைக்கு வெளியிலை விடமாட்டன்."

அவளுக்கு எழும்பிப் போய்த் தடுக்கவேண்டும்போல இருந்தது. எழும்பவில்லை. நன்றாகப் பசித்தது. அடியில் தங்கிய மாவையும் விரலால் வழித்துச் சாப்பிட்டாள். உள்ளே சிவக்கொழுந்து கனடா நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.