ராகு காலத்தில் போட்ட ஊசி

கடலூரில் அந்த ஆராய்ச்சி நிலையத்தை நடத்தும் டாக்டர் நடேஷ் மூன்று தேசங்களில் படித்தவர். அணுவைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். ஆனால் தினசரி காலண்டரைப் பார்க்காமல் ஒரு கதவைக்கூடத் திறக்க மாட்டார். அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்பது இளமதியின் தலையெழுத்து.

இளமதி நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மருந்தை உருவாக்கியிருந்தாள். ஊசியில் ஏற்றினால் உடம்பெல்லாம் சுற்றி, புற்றுக் கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அதில் சேர்த்திருக்கும் கதிரியக்கத்தை ஸ்கேன் கருவி பிடித்து, கட்டி இருக்கும் இடத்தை வெளிச்சப் புள்ளியாகக் காட்டிவிடும். ஒரே ஒரு தொல்லை, செய்து முடித்த நிமிடத்திலிருந்தே கதிர் தேய ஆரம்பித்துவிடும். அறுபத்தெட்டு நிமிடத்தில் சரிபாதி. அடுத்த அறுபத்தெட்டில் அதிலும் பாதி. எப்பேர்ப்பட்ட ஆள் வருவதாக இருந்தாலும் அது காத்திருக்காது.

சோதனைகளெல்லாம் முடிந்து, அனுமதியும் கிடைத்து, முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைப் போடும் வெள்ளிக்கிழமை வந்தது. நோயாளி காட்டுமன்னார்கோயில் கொளஞ்சியம்மாள். வயிற்றில் கட்டி. பழைய ஸ்கேனில் ஈரலிலும் ஏதோ நிழல் போலத் தெரிந்தது. கட்டி பரவியிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று ஆபரேஷன் டாக்டர் சொல்லிவிட்டார். பரவவில்லை என்றால் திங்கட்கிழமையே ஆபரேஷன். இன்றைக்கு மருந்து வீணானால் மறுபடி செய்ய மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் கட்டி சும்மா இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நடேஷ் இதை ஊசியாகப் பார்க்கவில்லை, விழாவாகப் பார்த்தார். ஷாமியானா போட்டாயிற்று, குத்துவிளக்கு வந்தாயிற்று. பிளெக்ஸில் நடேஷின் படம் பெரிது. கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்த அரிசி ஆலை அதிபர் மணவாளனின் படம் அதைவிடப் பெரிது. இளமதி, 'மற்றும் ஊழியர்கள்' என்ற வரிக்குள் எங்கோ அடங்கியிருந்தாள். ஒன்பதரைக்கு மணவாளன் ஊசியைத் தொட்டுக் கொடுக்க, சிகிச்சை தொடங்குவதாக ஏற்பாடு.

ஒன்பது மணிக்கு மருந்து தயார். ஒன்பது பத்துக்கு வந்த போனில் மணவாளன் சிதம்பரத்தில் நடராஜர் தரிசனத்தில் இருந்தார். ஒன்பது இருபதுக்குக் கீழ வீதியில் டிபன். ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் புதுச்சத்திரத்தில் யாரோ காரை மறித்து மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து எட்டுக்கு மருந்து பாதியாகிவிட்டது. பத்து முப்பத்திரண்டுக்குக் கார் கேட்டுக்குள் நுழைந்தது.

விருந்தினரை ஏசி அறையில் உட்கார வைத்துவிட்டு நடேஷ் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பத்தரை தாண்டிடுச்சும்மா. ராகு காலம் பொறந்துடுச்சு. பன்னெண்டுக்கு மேல வெச்சிக்கலாம்."

"சார், பன்னெண்டுக்கு இதுல உருப்படியா ஒண்ணும் மிச்சம் இருக்காது. கட்டி தெரியாது சார்."

"நல்ல காரியத்த ராகு காலத்துல ஆரம்பிச்சா வெளங்குமா? ஒன்றரை மணி நேரம்தானே. ஃபிரிட்ஜுல வெச்சிடு."

அணுவில் டாக்டர் பட்டம் வாங்கிய வாயிலிருந்து வந்த வார்த்தை இது. இளமதிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. நோயாளி படுத்திருந்த அறைக்குள் போனாள். கையில் ஊசிக்குழாய் செருகிக் காலையிலிருந்து படுத்துக் கிடந்த கொளஞ்சியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"என்னா பாப்பா, எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கம்மா. ஆனா ராகு காலமாம். இப்ப ஊசி போட்டா உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"நான் நாலு புள்ள பெத்தப்ப எந்தக் காலம்னு யாரு பாத்தா? நீ போடு பாப்பா."

பத்து நாற்பதுக்கு ஊசி ஏறியது. வேறொரு ஊசியில் வெறும் உப்புநீரை நிரப்பி ஈயப் பெட்டியில் வைத்து, விழா மேடைக்கு அனுப்பிவிட்டாள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேன் முடிந்தது. படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் மாலதி திரையை மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டினார். வெளிச்சம் வயிற்றில் ஒரே இடத்தில்தான் இருந்தது. "ஈரல் சுத்தமா இருக்கு இளமதி" என்றார். இளமதி வெட்கமில்லாமல் அழுதாள். நான்கு வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ராகு காலம் முடிந்ததும் வெளியே மணவாளன் உப்புநீர் ஊசியைக் கண்ணில் ஒற்றி, கேமராவுக்குக் காட்டி, இருபது நிமிடம் தன் ஆலையைப் பற்றியே பேசினார். பிறகு நோயாளிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நடேஷ் ஆள் அனுப்பினார். கொளஞ்சியம்மாள் ஆஸ்பத்திரி கவுனோடு தானே நடந்து மேடையேறினாள்.

"எந்த ஊரும்மா?" என்று மணவாளன் பொன்னாடையை விரித்தார்.

"ஒங்க மில்லு களத்துலதாங்க இருவது வருஷமா நெல்லு காய வெக்கிறேன். கிட்ட வராதீங்க மொதலாளி. அப்பவே ஊசி போட்டாச்சு. ஒடம்புல கதிரு ஓடுதாம், சாயந்தரம் வரைக்கும் யாரையும் அண்டக் கூடாதுன்னு பாப்பா சொல்லிச்சு."

மணவாளன் மேடையிலிருந்து குதித்தார். அவருக்கு முன்பே நடேஷ் குதித்திருந்தார். தரையில் கிடந்த பொன்னாடையைக் கொளஞ்சியம்மாள் எடுத்து உதறி, தானே போர்த்திக்கொண்டாள்.

மறுநாளே மெமோ வந்தது. ராகு காலத்தில் மருந்து செலுத்தியது ஒரு குற்றம், சிறப்பு விருந்தினர் கையில் உப்புநீரைக் கொடுத்தது இன்னொரு குற்றம். இளமதி விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. அந்த ஸ்கேன் படத்தை மட்டும் இணைத்து அனுப்பினாள்.

நடேஷின் பதில் திங்கட்கிழமை, ஆபரேஷன் அறைக்கு வெளியே அவள் காத்திருந்தபோது போனில் வந்தது. 'படம் தெளிவாக உள்ளது. ஆனால் சிறப்பு விருந்தினர் இதில் எங்கும் தெரியவில்லை. பத்திரிகைக்கு அனுப்ப உதவாது.'

அவள் இன்னொரு தடவை படிப்பதற்குள் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு, "முழுசா எடுத்தாச்சும்மா, பொழைச்சிக்குவாங்க" என்றார்.