முக்காலி கேட்டவர்களின் படம்

திரை நான்காம் முறையாக உறைந்தது. உறைந்த இடமும் அதே இடம்தான்: துணிக்கடைப் பெண் ஒருத்தி உயரத்து அலமாரியை நோக்கிக் கையை நீட்டும் இடம். நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, அவள் முகத்தை மூடியிருக்க வேண்டிய மங்கல் வட்டம் காதோரம் வந்து, இனி இம்மியும் நகரேன் என்று அடம்பிடித்தது. எடிட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையால் மேசையைக் குத்துவதா, தன் தலையிலேயே அடித்துக்கொள்வதா என்று ஒரு கணம் தடுமாறி, இரண்டும் வேண்டாம் என்று மடியில் போட்டுக்கொண்டாள்.

“மறுபடியும் நின்னுடுச்சாம்மா?” என்றார் பின்னால் நின்றிருந்த செயலாளர்.

“நின்னுடுச்சுக்கா. நீங்க ஏன் நிக்கிறீங்க, அந்தச் சேர்ல உக்காருங்க.”

“இருக்கட்டும்மா. நின்னே பழகிடுச்சு.”

செயலாளர் என்றதும் பெரிய அலுவலகமும் சுழல்நாற்காலியும் உடையவர் என்று எண்ணிவிடக் கூடாது. கடைத்தெருவின் விற்பனைப் பெண்கள் கூடி அமைத்த சங்கத்துக்கு அவர் செயலாளர். மற்ற நேரமெல்லாம் துணிக்கடையில் துணி விரித்துக் காட்டுபவர். கதவு திறப்பது முதல் மூடுவது வரை நின்று, நின்ற காலில் நரம்பு புடைத்து, புடைத்த நரம்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு மறுநாளும் வந்து நிற்கும் அந்தப் பெண்கள் கேட்டது மாட மாளிகையா, கூட கோபுரமா? ஆள் வராத நேரத்தில் அமர்வதற்கு ஒரு முக்காலி. வாடிக்கையாளர் கண்ணில் உட்கார்ந்த பெண் பட்டால் கடையின் மரியாதை போய்விடும் என்றனர் முதலாளிகள். ஒரு பெண் உட்கார்ந்தால் உடைந்துபோகும் மரியாதையை எந்தக் கண்ணாடியால் செய்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். எழுதிக் கொடுத்த மனுக்களை அவர்கள் படிக்கவில்லை. படம் என்றால் பார்க்கிறோம் என்றனர். இன்று மாலை ஐந்து மணிக்கு, அவர்களுடைய கூட்டத்தில், எட்டு நிமிடம். இன்று தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். அவர்கள் முடிவு செய்யும் வேகத்தைக் கடைத்தெரு அறியும்.

காட்சிகளைப் பெண்களே தம் கைப்பேசியில் எடுத்திருந்தனர். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: முகம் தெரியக் கூடாது. தெரிந்த முகத்துக்கு மறுநாள் வேலை இராது. ஆகவே ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு மங்கல் வட்டம் ஒட்டிக்கொண்டே ஓட வேண்டும். முகம் திரும்பினால் அதுவும் திரும்ப வேண்டும், குனிந்தால் அதுவும் குனிய வேண்டும்.

அந்த ஓட்டத்துக்குத்தான் வலிமை தேவை. வலிமைக்குப் பஞ்சமும் இல்லை. இந்த லேப்டாப்பில் படத்தைக் கையாள இருவர் இருந்தனர். ஒருவர், பிராசஸருக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம் இருக்கும் சிறியவர்; கடிதம் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும் போதுமானவர். மற்றவர் தனி கிராஃபிக்ஸ் கார்டு. இத்தகைய பாரத்தைச் சுமப்பதற்கென்றே பொருத்தப்பட்டவர். அவருக்காகவே எடிட்டர் இந்த லேப்டாப்பை வாங்கினாள். திரையின் ஓரத்தில் இருவர் உழைப்பும் இரண்டு கோடுகளாக ஓடின. சிறியவரின் கோடு நூறைத் தொட்டு மூச்சுத் திணறியது. பெரியவரின் கோடு பூஜ்யத்தில் கால்நீட்டிப் படுத்திருந்தது. யானையைக் கொட்டடியில் கட்டிப்போட்டுவிட்டு ஆட்டுக்குட்டி முதுகில் மரம் ஏற்றுகிற கதை. வேலை முடிய ஒன்பது மணி நேரம் ஆகும் என்று மென்பொருள் அறிவிக்கும்; அறிவித்த கையோடு உறையும்.

சென்ற வாரம் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஓர் அப்டேட் வந்து இறங்கியது. பழியை அதன்மேல் சுமத்தி, காலையிலிருந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கார்டை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருளை நீக்கி, மறுபடி நிறுவினாள். மென்பொருளின் அமைப்புகளுக்குள் புகுந்து தனி கார்டைத் தேர்ந்தெடுத்தாள். கார்டுக்கென்று இருந்த பக்கத்திலும் அதையே அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். சொன்ன இடமெல்லாம் தலையாட்டின. சொன்னது மட்டும் நடக்கவில்லை.

கணக்கர் வேலையிலிருக்கும் அவள் கணவனுக்கு இன்று விடுமுறை. உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு அவன் அறை வாசலில் வந்து நின்றான்.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?”

“பண்ணேன்.”

“முழுசா ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு?”

“பண்ணேன்.”

“இன்னொரு தடவை பண்ணிப் பாரேன்.”

அவள் கைப்பேசியை எடுத்து லேப்டாப் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தாள். இசை கேட்டு, எண்களை அழுத்தி, மறுபடி இசை கேட்டு, ஒருவழியாக ஓர் இளைஞனின் குரல் வந்தது. நடந்ததை அவள் முதலிலிருந்து முடிவு வரை கோவையாகச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“புரியுது மேடம். வீட்ல சார் இருக்காங்களா? டெக்னிக்கலா கொஞ்சம் சொல்லணும்.”

“லேப்டாப் என்னோடது. வேலையும் என்னோடது. எங்கிட்டயே சொல்லுங்க.”

“கண்டிப்பா மேடம். சார்கிட்ட கொஞ்சம் குடுங்களேன்.”

கொடுத்தாள். கணவன் ஜன்னலோரம் போய் நின்று நெற்றியைச் சுருக்கினான், “ம்... ம்... ஓகே சார்... சரிங்க சார்” என்று நெடுநேரம் கேட்டான், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான்.

“என்ன சொன்னாங்க?”

“ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க.”

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்க கடையிலயும் இப்படித்தாம்மா. அரைமணி நேரம் துணிய விரிச்சுக் காட்டுறது நானு. சாயம் போகுமான்னு கல்லாவுல இருக்கிறவர்கிட்ட கேப்பாங்க. அவரு என்னைத் திரும்பிப் பாப்பாரு. நான் தலையாட்டுவேன். உடனே அவரு, போகாதுன்னு சொல்லுவாரு.”

சிரிப்பு அடங்கியதும் அறையில் சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. செயலாளர் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“முகத்த மறைக்காம அப்படியே எடுத்தா எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்து நிமிஷம்.”

அவர் திரையைப் பார்த்தார். அலமாரியை நோக்கிக் கை நீட்டிய பெண்ணின் முகம் அங்கே திறந்து கிடந்தது. மூக்கின்மேல் வியர்வை, நெற்றியில் ஒட்டிய முடி, பதினெட்டு வயது இருக்கலாம். அவளைப் படத்துக்கு இணங்கவைக்க எத்தனை நாள் பேசினாரோ, என்னென்ன உறுதி கொடுத்தாரோ, அது அவர் முகத்தில் தெரிந்தது.

“வேண்டாம்,” என்றார். “படம் இல்லாமக்கூட போய் நிப்பேன். இந்தப் பொண்ணுக்குக் குடுத்த வாக்க மீறமாட்டேன்.”

எடிட்டர் திரையோரத்துக் கோடுகளை மறுபடி பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு உழைக்கத் தெரியும். இவருக்கு வாக்குக் காக்கத் தெரியும். இத்தனைக்கும் நடுவே, உழைப்பதற்கென்றே செய்த ஒரு பொருள் சும்மா கிடக்கிறது. யார் சொல்லி அது சும்மா கிடக்கிறது? மென்பொருள் கூப்பிடத் தயார், கார்டு வரத் தயார் என்றால், இரண்டுக்கும் மேலே அமர்ந்து ‘நீ போகாதே’ என்று தடுப்பவர் எவர்? கேள்வியை அப்படிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டுக்கும் மேலே இருப்பது லேப்டாப்பையே ஆளும் அமைப்பு. அதன் செட்டிங்ஸைத் திறந்து, டிஸ்ப்ளே பகுதிக்குள் நுழைந்து, கீழே கீழே இறங்கினாள். எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு வலிமை என்று தனித்தனியே விதிக்கும் பக்கம் ஒன்று அங்கே இருந்தது. அதில் இரண்டே பெயர்கள். அவளுடைய எடிட்டிங் மென்பொருளுக்கு நேரே, ‘மின்சிக்கனம்’. கணவன் விளையாடும் கார்ப் பந்தயத்துக்கு நேரே, ‘முழு வலிமை’.

அப்டேட் தானாக வந்து இப்படி எழுதாது. ஒரு கை எழுதினால்தான் உண்டு.

“இதை யாரு மாத்துனது?”

“எதை?” அவன் குனிந்து பார்த்தான். “ஓ, அதுவா. நான்தான். ஞாயித்துக்கிழமை. லேப்டாப் கொதிக்குதுன்னு நீதானே சொன்ன? ஒரு வீடியோல சொல்லியிருந்தான், கனமான புரோகிராமைச் சிக்கனத்துல போட்டா சூடு குறையும்னு. குறைஞ்சுதா இல்லையா?”

“குறைஞ்சுது.”

“அப்புறம் என்ன?”

“உங்க கார் ரேஸு கனமில்லையா?”

அவன் காது மடலைச் சொறிந்தான். “அதையும் சிக்கனத்துலதான் போட்டேன் முதல்ல. கார் திக்கித் திக்கிப் போச்சு.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை, அதுதான் கொடுமை. கெடுதல் செய்தவனோடு சண்டை போடலாம். நல்லது செய்துவிட்டு நன்றியை எதிர்பார்த்து நிற்பவனோடு எந்த வாயால் சண்டை போடுவது? கேட்டுச் செய்திருக்கலாம், செய்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு அவளுடைய வேலை அவனுக்கு வீட்டு வேலையாகிப் போயிருந்தது; குழாய் ஒழுகினால் அடைப்பான், விளக்கு எரிந்தால் அணைப்பான், அதுபோல.

‘முழு வலிமை’யை அழுத்தினாள்.

“மாத்துனா புரோகிராமை மூடி மறுபடி திறக்கணும்,” என்றான் அவன்.

“தெரியும்.”

மூடித் திறந்தாள். படத்தை முழுதாக்கி வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினாள். பூஜ்யத்தில் படுத்திருந்த கோடு ஒருமுறை துடித்தது. பிறகு செங்குத்தாக எழும்பியது. லேப்டாப்பின் விசிறி இரைந்தது. ஒன்பது மணி நேரம் என்ற கணக்கு, கண் முன்னே இளைத்து இளைத்து, இரண்டு மணி பத்து நிமிடத்தில் வந்து நின்றது. உறைந்த பெண்ணின் கை அலமாரியைத் தொட்டது. மங்கல் வட்டம் ஓடிவந்து அவள் முகத்தை மூடிக்கொண்டது.

“இப்ப ரெண்டரை,” என்றார் செயலாளர். “இங்கேருந்து அங்க போக இருபது நிமிஷம்.”

“சரியா அஞ்சு மணி,” என்றான் கணக்கர், வரவும் செலவும் பொருந்திவிட்ட மகிழ்ச்சியோடு. “வழியில ஒரு சிக்னல்கூட இல்லன்னா.”

அவன் லேப்டாப்பின் அடியில் விரல் வைத்துப் பார்த்தான். “இப்படிக் கொதிக்குதே. பாதியில அணைஞ்சுட்டா?” விரல் மெல்ல விசைப்பலகையை நோக்கி ஊர்ந்தது.

“கைய எடுங்க.”

எடுத்தான். சற்று யோசித்தான். பிறகு உள்ளே போய், மேசை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேசையில் வைக்க இடமில்லை. சுற்றும் முற்றும் பார்த்தவன், செயலாளருக்கென்று போட்டு, செயலாளர் அமராத அந்த நாற்காலியை இழுத்து, அதன்மேல் விசிறியை வைத்தான். லேப்டாப்பின் பக்கம் முகம் திருப்பி, சாய்வைச் சரிசெய்து, ஓடவிட்டான்.

“உங்களுக்கும் கொஞ்சம் காத்து வரும்க்கா,” என்று செயலாளரிடம் பரிவோடு சொல்லிவிட்டு வெளியே போனான்.

எடிட்டர் அந்த நாற்காலியைப் பார்த்தாள். எழுந்தாள். தன் நாற்காலியைச் செயலாளர் பக்கம் தள்ளினாள்.

“இதுல உக்காருங்கக்கா. இனி அது பாட்டுக்கு ஓடும். எனக்கு வேலை இல்ல.”

“இருக்கட்டும்மா. காலையிலேருந்து பாடுபட்டவ நீ.”

“நான் உக்காந்துக்கிட்டுதானே பாடுபட்டேன்.”

செயலாளர் புன்னகைத்தார். உட்காரவில்லை. ஒரு பாதத்தைத் தரையிலிருந்து மெல்ல எடுத்து, மற்றப் பாதத்தின் மேல் ஊன்றிக்கொண்டார். திரையில், கல்லாவுக்கு அப்பால், முகமில்லாத ஒருத்தி செருப்பிலிருந்து காலை உருவி அதையே செய்துகொண்டிருந்தாள். நூற்றுக்கு நான்கு என்றது எண். ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து ஐந்து என்றது. இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. மற்றொன்றில் மின்விசிறி வீற்றிருந்து, அறையை இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.